கப்பல் மயக்கம், பஸ் மயக்கம், இப்போது வீ.ஆர். மயக்கம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

அண்மைக் காலமாக நம் பக்கத்துப் பாடசாலைக் கண்காட்சிகளிலும் கல்வி முகாம்களிலும் வீ.ஆர். ஹெட்செட் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் கடலுக்கடியில் மீன் பார்க்கலாம், சந்திரனில் நிற்கலாம். பிள்ளைகள் வரிசையில் முட்டி மோதுகிறார்கள். பத்து நிமிடம் போவதற்குள் ஒரு பிள்ளை முகம் வெளுத்து, வியர்த்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறது. அப்போது பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு பெரியவர் சொல்லும் வார்த்தை ஒன்றும் நம் காதில் விழுந்துவிடுகிறது: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்க ஒத்துவரப் போகுது!" ஓடிய பிள்ளை பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாக வரும்.

அந்தப் பிள்ளை அடுத்த முறை வரிசையில் நிற்காது. நமக்கு இருக்கும் கவலை அதுதான். வாந்தியைக் கழுவிவிடலாம். "உனக்கு இது சரிவராது" என்று ஒரு தடவை மனதில் பதிந்தால், அது கொம்பியூட்டர் அறை வாசல் வரைக்கும் கூடவே வரும்.

ஆகவே இந்த மயக்கத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அது நம்முடைய சரித்திரமும்கூட.

நம் பக்கத்தில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மயக்கம், தலைசுத்து, குமட்டல், ஓங்காளம், சத்தி. வெள்ளைக்காரன் வைத்திருக்கும் 'நோசியா' என்ற சொல் கிரேக்க மொழியில் கப்பலைக் குறிக்கும் 'நவுஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்து மனிதனுக்குக் குமட்டல் என்றாலே முதலில் கப்பல்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

நம்மவர்களுக்கும் அப்படித்தான். இன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கதை ஒரு கடல் பயணத்தில்தான் தொடங்குகிறது. ஆரம்ப காலத்தில் பாய்மரத் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். ஆதிலட்சுமி கப்பல் மூழ்கிய கதையை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் வந்தது. 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று பாதை மாறியது. 'போட் மெயில்' என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். கடைத்தெருவில் கடை போட்ட முஸ்லிம் வியாபாரிகள் பலரும் இராமநாதபுரம், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து இதே கடலைக் கடந்துதான் வந்தார்கள். ஒரே கப்பல், ஒரே வாந்தி.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 35 கிலோமீற்றர்தான். ஆனால் தூரத்தை வைத்து மயக்கத்தை அளக்க முடியாது. மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, மருந்து தெளித்து, பரிசோதித்துவிட்டுத்தான் தொழிலாளரைக் கப்பலேற்றினார்கள். கடலையே பார்த்திராத உள்நாட்டு விவசாயக் குடும்பங்கள் அவை. நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டம், பக்கத்தில் ஒருவர் ஓங்காளித்தால் தொற்றிக்கொள்ளும் குமட்டல், தொடுவானம் கண்ணுக்குத் தெரியாத மூலைகள். மயக்கம் வருவதற்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறோம்.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அவர்களில் பலர் பிறகு இராமேஸ்வரத்துக்கு 'ராமானுஜம்' கப்பலில் போனார்கள். வந்த கடலைத் திரும்பக் கடந்தவர்கள் எடுத்த சத்தி எல்லாம் கடல் மயக்கம்தானா என்பது வேறு கேள்வி. அதை இங்கே கிளறவில்லை.

கடலைவிட்டு மலைக்கு வருவோம். களனிவெளி சின்ன ரயில் 1912 இல் இரத்தினபுரிக்கும் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் தண்டவாளத்தையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எல்லாம் பஸ்தான். இறக்குவானையிலிருந்து சூரியகந்த வழியாகத் தெனியாயவுக்குப் போகும் வளைவுகள், கடுகண்ணாவ ஏற்றம், எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல தாண்டிக் கினிகத்தேனை ஏறும் பாதை, பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்ல. இந்தப் பாதைகளில் ஒரு சொப்பிங் பேக் இல்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போகும் தாய் இருக்கிறாளா? தேசிக்காயை நகத்தால் கீறி முகரக் கொடுப்பது, இஞ்சித் துண்டை வாயில் அடக்கச் சொல்வது, நெற்றியில் சித்தாலேப தடவுவது, "முன்சீட்டுல இரு, தூரத்துல மலையைப் பாரு" என்று அதட்டுவது என்று நம் தாய்மாருக்கு இதில் ஒரு முழு வைத்தியமே தெரியும். அதில் எது சரி, எது வெறும் நம்பிக்கை என்று விஞ்ஞானிகளும் இரு நூற்றாண்டுகளாகத் தேடியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரத்தில் வைப்போம். இது பலவீனமானவர்களுக்கு வரும் நோய் அல்ல. பிரித்தானியாவின் பெரிய கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கடைசி வரை கடல் மயக்கம் இருந்தது. 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகம் சுற்றிய சாள்ஸ் டார்வின், தூளிப்படுக்கையில் சுருண்டு, காய்ந்த திராட்சை தவிர வேறெதுவும் வயிற்றில் தங்காமல் கிடந்த நாட்கள் பல. இவர்களைப் பார்த்து யாரும் "இவனுக்குக் கடல் ஒத்துவராது, வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று சொல்லவில்லை.

காரணம் வயிற்றில் இல்லை, காதில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆனது. 1820களில் பிரான்ஸ் நாட்டு ஃப்ளூரன்ஸ், புறாக்களின் உட்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களை வெட்டியபோது அவை நிலைதடுமாறிச் சுழல்வதைக் கண்டார். கேட்பதற்கு மட்டும் என்று எல்லாரும் நினைத்திருந்த காதுக்குள் சமநிலைக் கருவி ஒன்றும் இருந்தது. மூன்று குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை நரம்பு மூளைக்குச் சொல்லும். ஒரு வாளித் தண்ணீரைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள், தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும்.

1882 இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு வேலை செய்தார். காது கேளாதவர்கள் ஐந்நூறுக்கு மேற்பட்டோரின் அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தார். வேகமாகச் சுழன்றாலும் அவர்களில் பலருக்குத் தலைசுற்றவே இல்லை. உட்காது பழுதானவருக்குக் கடல் மயக்கமும் வராது என்ற சந்தேகம் அங்கே பிறந்தது. இதற்கு முந்திய ஆண்டு ஏர்வின் என்ற வைத்தியர், கண்ணும் உடம்பின் மற்றப் புலன்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட செய்தி கொடுப்பதுதான் கடல் மயக்கம் என்று எழுதியிருந்தார். இன்று வரை பெரும்பாலான ஆய்வாளர் நிற்பது அந்த இடத்தில்தான்.

வியன்னாவில் றொபர்ட் பாறனி என்ற காது வைத்தியர், நோயாளியின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவினால் தலைசுற்றுவதையும், வெந்நீரால் கழுவினால் கண்கள் எதிர்த்திசையில் துடிப்பதையும் கவனித்துப் பெரிய ஆராய்ச்சியாக வளர்த்தார். 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் இருந்தது ரஷ்யாவில், போர்க்கைதிகள் முகாமில். சுவீடன் இளவரசர் தலையிட்டுத்தான் வெளியே வந்தார். பாம்பன் பாலம் திறந்து நம் பாட்டிமார் கப்பலில் சத்தி எடுத்த அதே ஆண்டுக்குரிய பரிசு, அந்தச் சத்திக்குக் காரணமான உறுப்பை ஆராய்ந்தவருக்குப் போனது. இரண்டு பக்கத்துக்கும் மற்றதைத் தெரியாது.

இந்தக் கதையில் நமக்கு மிகப் பிடித்த பகுதி அமெரிக்காவில், விண்வெளிப் பயணத்தின் ஆரம்ப காலத்தில் நடந்தது. அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் கலடெற் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தன. அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குச் சிறு வயதில் மூளை உறைக் காய்ச்சலால் உட்காது செயலிழந்திருந்தது. அவர்களைச் சுழலும் அறையில் வைத்தார்கள், விமானத்தில் ஏற்றி எடையிழக்க வைத்தார்கள். யாருக்கும் மயக்கமில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் கொந்தளிப்பு நேரம் பார்த்துக் கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் கைமொழியில் அரட்டையடித்துக்கொண்டு சீட்டாடினார்கள். ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் சத்தியெடுத்துப் படுத்துவிட்டதால் பரிசோதனையையே நிறுத்த வேண்டி வந்தது! யாரை உலகம் குறையுள்ளவர் என்று ஒதுக்கியதோ அவரிடம்தான் விண்வெளி விஞ்ஞானம் பாடம் கேட்டது. 1961 இல் பூமியைச் சுற்றிய சோவியத் வீரர் திதோவ் விண்வெளியிலும் இந்த மயக்கம் வரும் என்று காட்டினார். 1984 இல் போன ராகேஷ் சர்மா, எடையில்லாத நிலையைத் தாங்க யோகாசனம் உதவுமா என்று அங்கே செய்து பார்த்தார்.

இனி ஹெட்செட்டுக்கு வருவோம். பஸ்ஸில் புத்தகத்தையோ போனையோ பார்க்கும் பிள்ளையின் கண் "நான் அசையாமல் இருக்கிறேன்" என்கிறது, காது "இல்லை, வளைகிறோம்" என்கிறது. வீ.ஆர். இல் அப்படியே தலைகீழ். கண் "பறக்கிறோம்" என்கிறது, காது "கதிரையில்தானே இருக்கிறோம்" என்கிறது. சண்டை ஒன்றுதான், கட்சிகள் இடம் மாறிவிட்டன. இந்தச் சண்டைக்கு ஏன் வயிறு தண்டனை அனுபவிக்க வேண்டும்? 1977 இல் ட்ரீஸ்மன் ஒரு விளக்கம் சொன்னார். ஆதிமனிதனுக்குக் கண்ணும் காதும் முரண்பட்ட சந்தர்ப்பம் நச்சுக்காய் தின்றபோதுதான் வந்திருக்கும், அதனால் மூளை "விஷம், வெளியே தள்ளு" என்று கட்டளையிடுகிறது என்பது அவர் கருத்து. முழுதாக நிரூபிக்கப்படாவிட்டாலும் வகுப்பில் சொல்ல நல்ல கதை.

இந்தத் தலைகீழ் மயக்கம் புதிதும் அல்ல. 1957 இலேயே ஹெலிகொப்டர் ஓட்டப் பழக்கும் பாவனைக் கருவியில் ஏறியவர்கள் மயங்கியதை அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்த ஆய்வு பதிவுசெய்தது. புதிதாகப் பழக வந்த மாணவரைவிட, உண்மையான ஹெலிகொப்டரைப் பல காலம் ஓட்டிய ஆசிரியர்களே கூடுதலாக மயங்கினார்கள். உடம்பு எந்த அசைவை எதிர்பார்க்கப் பழகியதோ அது வராவிட்டால் ஏமாற்றம் பெரிது. மயங்குவது திறமைக் குறைவு என்று சொல்லும் பெரியவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும் என்று நினைக்கிறோம்.

1968 இல் ஐவன் சதர்லண்ட் செய்த முதல் தலைக்கருவி பாரம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கியது. 1995 இல் நின்டென்டோ 'வேர்ச்சுவல் போய்' என்று ஒன்றை விற்றது. எல்லாம் சிவப்பு நிறம், தலைவலி, கண்வலி முறைப்பாடுகள். எட்டு இலட்சம்கூட விற்காமல் ஓராண்டளவில் கைவிட்டார்கள். 2012 இல் பாமர் லக்கி என்ற இளைஞர் 'ஒக்கியுலஸ்' கருவிக்காக மக்களிடம் 250,000 டொலர் கேட்க, 24 இலட்சம் டொலர் சேர்ந்தது. 2014 இல் பேஸ்புக் அந்தக் கம்பனியை 200 கோடி டொலருக்கு வாங்கியது. இவ்வளவு பணம் கொட்டிய பிறகுதான் "ஆட்கள் ஏன் சத்தியெடுக்கிறார்கள்?" என்று பொறியியலாளர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

அவர்கள் யாரும் பாவித்தவரைக் குறை சொல்லவில்லை, கருவியைத் திருத்தினார்கள். தலை திரும்பியதற்கும் படம் திரும்புவதற்கும் இடையில் 20 மில்லி செக்கனுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கிட்டார்கள். 2013 இல் வந்த மாதிரிக் கருவி செக்கனுக்கு 60 தடவை படம் மாற்றியது, 2016 இல் விற்பனைக்கு வந்தது 90 தடவை. முதல் மாதிரி தலை திரும்புவதை மட்டுமே அறிந்தது. முன்னே குனிந்தாலும் பக்கம் சரிந்தாலும் அதற்குத் தெரியாது. பிறகு வந்தவை அதையும் பின்தொடர்ந்தன. 2016 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டஸ், ஃபைனர் என்ற இருவர், வேகமாக நகரும் நேரத்தில் மட்டும் காட்சியின் ஓரங்களை மெல்ல இருட்டாக்கினால் மயக்கம் குறைவதைக் காட்டினார்கள். ஓரக்கண்ணில் ஓடும் காட்சிதான் அசைவு உணர்வைக் கிளப்புவது. பஸ்ஸில் தலையில் முந்தானையைப் போர்த்தி ஓரத்தை மறைத்து உட்காரும் அம்மாவும் ஏறத்தாழ அதைத்தான் செய்கிறார்.

பெண்பிள்ளைகள் விடயத்துக்கு வருவோம். பெண்களுக்கு வீ.ஆர். மயக்கம் கூடுதலாக வருவதாகப் பல ஆய்வுகள் சொல்லிவந்தன. 2020 இல் கே ஸ்டானி என்ற ஆய்வாளரும் குழுவினரும் வேறொன்றைக் கவனித்தார்கள். இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் வளர்ந்தவர்களில் சராசரியாக 63 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், பெண்களில் பலருக்கு அதைவிடக் குறைவு. கருவியின் வில்லைகளை அந்த அளவுக்கு நெருக்க முடியாதபோதுதான் மயக்கம் கூடியது. அளவு பொருந்தியபோது ஆண்–பெண் வித்தியாசம் பெரிதாக நிற்கவில்லை. ஆணின் காலுக்குத் தைத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கும் பிள்ளையைப் பார்த்து "இவளுக்கு நடக்கத் தெரியாது" என்ற கதைதான்! சின்னப் பிள்ளைகளின் கண்ணிடைத் தூரம் இன்னும் குறைவு. போதாததற்கு அசைவு மயக்கம் உச்சத்தில் இருக்கும் வயது ஒன்பது, பத்து. நாம் கண்காட்சியில் வரிசையில் நிறுத்துவது சரியாக அந்த வயதுப் பிள்ளைகளை. 'குவெஸ்ட்' கருவிக்குக் கம்பனியே முதலில் 13 வயது என்று எல்லை வைத்திருந்தது. 2023 இல்தான் பெற்றோர் கண்காணிப்போடு 10 ஆக இறக்கியது.

இனிக் கையில் இருக்கும் வேலையைப் பார்ப்போம். நம் பக்கத்துக்கு அதிகமாக வருவது போனைச் செருகும் பெட்டி வகை. 2014 இல் கூகுள் அட்டைப்பெட்டியில் தொடங்கி வைத்தது. விலை மலிவு, ஆனால் தலை திரும்புவதை மட்டுமே அறியும். ஆகவே பிள்ளையை நிற்கவோ நடக்கவோ விடாமல், சுழலும் கதிரையிலோ ஸ்டூலிலோ உட்காரவைக்க வேண்டும். மின்விசிறிக் காற்று முகத்தில் படுவது நல்லது. கெமரா ஓரிடத்தில் நிற்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான இடங்களில் முதலில் காட்டுவது ரோலர் கோஸ்டர். கூட்டம் சேர்ப்பதற்கு அது நல்லது, வயிற்றுக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. நகர வேண்டிய விளையாட்டு என்றால் கட்டுப்பாட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். இந்த வளைவுகளில் பஸ் சாரதிக்கு ஏன் மயக்கம் வருவதில்லை என்று யோசித்தால் காரணம் விளங்கும். அடுத்த வளைவு எப்போது என்று அவர் கைக்கு முன்கூட்டியே தெரியும். இடம்விட்டு இடம் தாவிச் செல்லும் வசதி, ஓரத்தை இருட்டாக்கும் வசதி இருந்தால் அவற்றைப் போட்டுவிடுங்கள்.

முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். மறுநாள் கொஞ்சம் கூட்டலாம், மூளை பழகிக்கொள்ளும். கொட்டாவி, வாயில் நீர் ஊறுதல், நெற்றி வியர்வை, முகம் வெளுத்தல், இவை வந்தவுடன் கழற்ற வேண்டும். சத்தி வரும்வரை காத்திருக்கக் கூடாது. "பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, பழகிடும்" என்று சொல்வது எதிர்மாறாக வேலை செய்யும். யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது என்று போட்டி வைத்த இடமும் உண்டு, பெயர் வேண்டாம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், பிரியாணி தின்ற கையோடும் வேண்டாம். நோன்பு நாட்களில் இதைத் தள்ளிப்போடுவது நல்லது. கழற்றிய பிறகு கால் மணி நேரமாவது உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்க்கட்டும். பெரியவர்கள் கழற்றிய கையோடு மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டாம். வலிப்பு உள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

மருந்து கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 1947 இல் தோல் அரிப்புக்காக ஒரு புதிய மருந்தைக் குடித்த பெண்ணுக்கு ட்ராம் வண்டியில் வரும் மயக்கம் நின்றுபோனது. அதிலிருந்து துருப்புக் கப்பலில் பரிசோதித்து 'ட்ரமமின்' மாத்திரை வந்தது. இந்த வகை மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். ஐந்து நிமிட வீ.ஆர். காட்சிக்காகப் பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பது அறிவான செயலாக நமக்குப் படவில்லை. இஞ்சி பற்றி 1982 இல் 36 மாணவர்களைச் சுழல் கதிரையில் வைத்துச் சோதித்து, அந்த மாத்திரையைவிட இஞ்சித்தூள் நன்றாகத் தாங்க வைத்தது என்று ஒரு ஆய்வு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அம்மா கொடுக்கும் இஞ்சித் துண்டால் கெடுதலும் இல்லை.

அடுத்த முறை யாராவது ஹெட்செட் தூக்கிக்கொண்டு நம் பாடசாலைக்கு வந்தால், எத்தனை பிள்ளைகள் பார்க்கலாம் என்று கேட்பதற்கு முன் "இதில் கண்ணிடைத் தூரத்தை மாற்றலாமா, எவ்வளவுக்குக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். முடியாது என்றால் தரம் 9க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். சின்னவர்களுக்கு அதே காட்சியைப் புரொஜெக்டரில் சுவரில் போட்டால் போதும். மீன் சுவரிலும் நீந்தும்.